சல்லடை கட்டும் பூச்சி

"தட்டானுக்கு ஹங்கேரிக்காரங்க பாஷையில என்னடி பேரு?" என்று சாயிமா ஒருநாள் கேட்டாள். மழை விட்ட மாலை. தாமுவே பேட்டையில் நிலோஃபர் வீட்டு இரண்டாம் மாடி பால்கனிக் கம்பியெல்லாம் தட்டான்கள்.

"ஸித்தாகொத்தோ" என்றாள் நிலோஃபர்.

ஹங்கேரியில் ஓட்டல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பாஷை கொஞ்சம் தெரிந்தால் போதும் என்று ஏஜென்ட் சொன்னதிலிருந்து, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்த அவள் போனைப் பார்த்தே படித்தாள். படித்ததை எதிர்வீட்டு சாயிமாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

"ஸித்தான்னா சல்லடை. ஸ்லாவ் ஆளுங்ககிட்ட வாங்கின சொல்லு. கொத்துன்னா கட்டு. கடைசியில 'ஓ' சேர்த்தா, கட்டுறது. சல்லடை கட்டுறது."

"றெக்கையைப் பாரு, சல்லடையேதான்!"

"நிறையன்னா கடைசியில 'க்' வரும். எண்ணிச் சொன்னா வராது. கேத் ஸித்தாகொத்தோ, ரெண்டு தட்டான்."

"ரெண்டானாலும் ஒண்ணாட்டம். நம்மளைப் போல." சாயிமா தோளில் இடித்தாள். "போனா ரெண்டு பேரும் போவோம். இல்லைன்னா வேணாம்."

ஏஜென்ட் ஆபீஸில் இருவரும் பேசிக் காட்டினார்கள். புதியவர்களிடம் போனில் பேசக் கூசி, நிலோஃபர் சாயிமாவின் நம்பரையே தனக்கும் கொடுத்தாள். அதன்பின் பதிலே இல்லை.

ஒரு காலை சாயிமாவின் உம்மா லத்தீபா மாமி ஒரு தட்டு ரவை ஷ்வேஜி இனிப்போடு வந்தாள். "பாத்திஹா ஓதினோம். சாயிமா வெள்ளிக்கிழமை ஃபிளைட் ஏறுறா. துஆ செய் புள்ள."

"எங்க மாமி?"

"ஹங்கேரிக்குத்தான். ஒரே இடமாம், உன்னைத்தான் கூப்பிட்டாங்களாம். உங்க உம்மா விடமாட்டாங்கன்னு நீ வேணாம்னுட்டியாமே? அதான் இவ கேட்டு வாங்கிக்கிட்டா. உனக்கு நல்ல மனசு."

நிலோஃபரின் உம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. நிலோஃபர் தட்டை வாங்கி வைத்தாள். மாமி படியிறங்கிப் போனாள். இனிப்பை யாரும் தொடவில்லை. நிலோஃபரே வாசல் நாய்களுக்குப் போட்டாள்.

மாலையில், சாமான் ஏற்றி இறக்கப் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் மணி அடித்தது. கீழே சாயிமா, தட்டுக்காக.

பாத்திஹாத் தட்டை அந்தத் தெருவில் யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது வைப்பார்கள். நிலோஃபர் தட்டைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டு, கயிற்றில் மாட்டி இறக்கினாள்.

சாயிமா பைக்குள் கைவிட்டாள். தட்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் பைக்குள் துழாவினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். "மேல வரட்டுமாடி?"

"உன் நம்பரைத்தானே குடுத்தேன்!"

நிலோஃபரின் குரலைத் தெரு அன்றுதான் முதல்முறை கேட்டது. வெற்றிலைக் கடைக்காரர்கூடத் திரும்பினார்.

சாயிமா வெறுந்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.