ஸ்கூட்டர்க்காரனின் துயரம்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவரை எல்லோரும் இத்தாலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இத்தாலிக்குப் போனதில்லை. போனால் அபிப்பிராயம் மாறிவிடுமோ என்ற பயம்கூட இருந்திருக்கலாம். ஓடாத மீட்டர்களைப் பற்றி வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவருடைய உத்தியோகம். மத்தியானத்துக்குள் அதை ஒப்பேற்றிவிட்டு, மிச்சப் பொழுதில் உலக இசையைத் திருத்துவார்.

எல்லா தேசத்தைப் பற்றியும் அவரிடம் அபிப்பிராயம் இருந்தது. அமெரிக்கப் பாடகிகள் தூக்கக் கலக்கத்தில் பாடுகிறார்கள். ஆங்கிலேய ராக் குழுக்களின் ஆல்பங்கள் ஈரத்துணி மாதிரி, எத்தனை பிழிந்தாலும் காயாது. ஜெர்மானியர்கள் மெஷினை வைத்தே இசையமைக்கிறார்கள், ஆனால் அந்த மெஷினுக்கே வாழ்க்கையின் மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது. பிரேசில்காரர்கள் ஆடுகிறார்கள் என்பது வதந்தி. அது முட்டிவலிக்காரர்களின் நடை.

இத்தாலி மட்டும் வேறு. அதிலும் ஒரே ஒரு ஆல்பம். தலைப்புக்கு 'ஞாயிறு, கடல்' என்று அர்த்தம். அட்டையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் ஸ்கூட்டரில் சாய்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். இசைத்தட்டை ஓடவிட்டால் அவனிடமிருந்து வரும் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து யாரோ உறவினர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். அந்தச் சிரிப்பு ஒரு முகமூடி என்று நிறுவி இத்தாலிக்காரர் நீளமான கட்டுரை ஒன்று எழுதியிருந்தார். 'ஐரோப்பாவின் மிக மெதுவான கண்ணீர்' என்பது அதில் ஒரு வரி. அந்த வரியை அவரே பல இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறார்.

அவர் மனைவிக்கு மட்டும் இதில் ஆரம்பத்திலிருந்தே உடன்பாடு இல்லை. "ஏங்க, அந்த ஆளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? சாப்பிடாம பாடறாப்ல இருக்கு" என்பாள். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர்களுடைய இல்லறம் பெரும்பாலும் நடந்தது. உத்தியோகத்தில் இரண்டு முறை பதவி உயர்வு அவரைத் தாண்டிப் போனது. வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்தால் "அம்மா இருக்காங்களா" என்றுதான் தொடங்குவான். எதில் தோற்றாலும், அந்த ஸ்கூட்டர்க்காரனின் துயரத்தைக் கண்டுபிடித்தவன் நான் என்ற ஒன்று அவரிடம் மிச்சமிருந்தது.

அதை வைத்துத்தான் அவர் இப்போது செவிச்செல்வர் வட்டத்தின் தலைவர் பதவிக்கு நிற்கிறார்.

மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில், விற்காத நாற்காலிகளின் நடுவே கூடும் வட்டம் அது. விதிகள் கறாரானவை. ஆல்பத்தைக் கொண்டுவருபவர் முதலில் முன்னுரை வழங்குவார். அதில், கேட்கப்போவதில் என்ன கேட்க வேண்டும் என்பது சொல்லப்படும். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். முடிந்ததும் ஒரு நிமிட மௌனம். அதற்கப்புறம் மூப்பு வரிசைப்படி அபிப்பிராயம். மூத்தவர் சொன்னதை இளையவர் மறுப்பது வழக்கமில்லை. 'மேலும்' என்று ஆரம்பித்துத் தொடர்வதே மரியாதை. இருந்த தலைவருக்குக் காது போய்விட்டது. போன பிறகும் நெடுங்காலம் பதவியில் இருந்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவரே மனசு வந்து விலகியதால் இந்தத் தேர்தல்.

போட்டி ஒரு பல் டாக்டரோடு. டாக்டர் ஐரோப்பா நெடுக நேரில் போய்க் கச்சேரி கேட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இத்தாலிக்காரர் 'ஞாயிறு, கடல்' ஆல்பத்தை ஒலிக்கவிட்டுப் பேசுவார், அப்புறம் ஓட்டு. இதுதான் ஏற்பாடு.

அன்று மத்தியானம் மைத்துனன் வந்திருந்தான். வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எந்த வீட்டுக்குப் போனாலும் எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இத்தாலிக்காரர் குளியலறையில் முன்னுரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கூடத்தில் தனியாக இருந்தான். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் ரெக்கார்ட் பிளேயரைப் பெட்டியில் வைத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு இத்தாலிக்காரர் டாக்ஸி ஏறினார்.

"ஜெயிச்சுட்டு வாங்க மாமா" என்றான் மைத்துனன். அவன் முகத்தில் இருந்த குறும்பை அவர் கவனிக்கவில்லை.

முன்னுரை பிரமாதமாக அமைந்தது. "இது பாடல் அல்ல. பாட முடியாமல் போனதன் எச்சம். ஒவ்வொரு சொல்லும் வரலாமா வேண்டாமா என்று யோசித்து வருவதைக் கவனியுங்கள்." எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர் ஊசியை இறக்கினார்.

துள்ளிக்கொண்டு வந்தது பாட்டு.

மேளம் படிக்கட்டில் குழந்தை இறங்குவது போலத் தடதடவென்று வந்தது. அதன் மேல் ஒரு இளந்தாரிக் குரல், காற்றில் சட்டை படபடக்க, யாரையோ பின்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறவனின் குரல். அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தவன் இப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்திருக்கிறான்.

இத்தாலிக்காரர் தட்டு சுற்றும் வேகத்தைத் தீர்மானிக்கும் குமிழைப் பார்த்தார். எப்போதும் போல முப்பத்து மூன்றில்தான் இருந்தது. தட்டைப் பார்த்தார். அதே கீறல், அதே தட்டு. பிறகு பயந்துகொண்டே சபையைப் பார்த்தார்.

சபை துயரத்தில் இருந்தது. காப்பீட்டு ஏஜெண்ட் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சரின் கன்னத்தில் நிஜமாகவே ஒரு சொட்டு இறங்கியது. பழைய தலைவர் தலையை மெல்ல மெல்ல ஆட்டினார், பாட்டை விட நாலு மடங்கு மெதுவாக.

முதல் பக்கம் முடிந்ததும் வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டார்.

"பிளேயரை யாராவது தொட்டீங்களா?"

"தம்பிதான். சொல்லக் கூடாதுன்னான்" என்றாள் மனைவி. "உள்ள ரப்பர் பெல்ட் ஏதோ தொய்ஞ்சு போயிருந்துச்சாம். ரொம்ப வருஷமா மெதுவாவே சுத்திட்டு இருந்திருக்குன்னான். வேன்ல இருந்து புதுசு எடுத்துப் போட்டான். ஏங்க, நல்லா ஓடலையா?"

"ஓடுது" என்றார்.

வராந்தாவில் ஒரு கண்ணாடி பீரோ நின்றது. அதில் தன்னைப் பார்த்தார். தூக்கக் கலக்க அமெரிக்காவும், காயாத இங்கிலாந்தும், முட்டிவலி பிரேசிலும் ஒவ்வொன்றாக அவர் முன்னால் விழித்தெழுந்து, வேகமாக நடந்து, கண்ணில் படாமல் போயின. உலகத்தில் ஒரு தப்பும் இல்லை. பெல்ட்தான் தொய்ந்திருந்தது.

உள்ளே போய் இரண்டாம் பக்கத்தையும் போட்டார். வேறு என்ன செய்வது. அது முதல் பக்கத்தை விடக் குஷியாக இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் பாடகனே சிரித்துவிட்டான். டீச்சர் விம்மினாள்.

மௌனம் முடிந்தது. பழைய தலைவர் தொண்டையைச் செருமி, "துயரம்" என்றார்.

"மேலும், அடக்கி வைத்த துயரம்" என்றார் ஏஜெண்ட்.

"மேலும், அந்தச் சிரிப்பு. தாங்கவே முடியலை" என்றாள் டீச்சர்.

கடைசியாகப் பல் டாக்டர் எழுந்தார். இத்தாலிக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வருவது வரட்டும் என்று ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது அவருக்கு.

"நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "இந்த ஆல்பம் எங்க வீட்லயும் இருக்கு. கல்யாணமான புதுசுல வாங்கினது. நான் இதைச் சந்தோஷமான பாட்டுன்னே நெனச்சுட்டேன். என் வொய்ஃப்கூடச் சமையல்கட்டுல இதுக்கு ஆடியிருக்கேன். சார் கட்டுரையைப் படிச்சப்புறம்தான் வெட்கமாப் போச்சு. ஒருத்தன் அழறான், நாம ஆடியிருக்கோம். இப்பெல்லாம் அதை எடுக்கறதே இல்லை. இன்னிக்குச் சாரோட கேட்டப்பதான் முழுசாப் புரிஞ்சுது. நான் போட்டியிலேர்ந்து விலகிக்கறேன்."

அறையே இத்தாலிக்காரரைப் பார்த்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். டாக்டர், நீங்க கேட்டதுதான் சரி, வீட்டுக்குப் போய் ஆடுங்க. அந்த வாக்கியம் அவர் நாக்கு நுனி வரை வந்து, வரலாமா வேண்டாமா என்று யோசித்தது.

"பலருக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் தோணும்" என்றார் இத்தாலிக்காரர். "காது பழகணும்."

டாக்டர் தலைகுனிந்து உட்கார்ந்தார். மாலை வாங்கி வந்திருந்தார்கள். போட்டார்கள்.

அவர் வீடு திரும்பியபோது மைத்துனன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மாமா, எப்படி நம்ம வேலை? அந்தப் பாட்டுக்காரன் எழுந்து ஓடியிருப்பானே?"

"பழைய பெல்ட் எங்கடா?"

"அதா? குப்பையில போட்டேன். வண்டிக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான். எதுக்கு மாமா, அது செத்துப்போன பெல்ட்டு."

"அந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?"

"தொய்ஞ்ச பெல்ட்டை யாரு விப்பா?" சோற்றை விழுங்கிவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "தலைவர் ஆனதும் கேள்வியைப் பாரு."

இத்தாலிக்காரர் மாலையைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்து தட்டைப் போட்டார். துள்ளிக்கொண்டு வந்தது. சுற்றும் தட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து லேசாக அழுத்தினார். குரல் தடுமாறி இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கிணறு வந்தது. உறவினர் பெயர்கூட வரும் போலிருந்தது. ஆனால் விரல் நடுங்கியதால் அழுகையும் நடுங்கி, குமட்டுகிறவனின் ஓங்கரிப்பு போல ஏறி இறங்கியது.

சமையல்கட்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.

"நல்லாத்தானங்க பாடிட்டு இருந்தான்" என்றாள். "விடுங்க அவனை."

விரலை எடுத்தார். பாட்டு தன் வேகத்துக்குத் தாவி ஏறியது. உள்ளே பாத்திரத்தின் மேல் கரண்டி தாளம் தட்டுவது கேட்டது. மைத்துனனும் சாப்பாட்டுத் தட்டைத் தட்ட ஆரம்பித்தான். வட்டத்தின் புதிய தலைவர் விதிப்படி கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயாவது துயரம் வருகிறதா என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.