ஊசி படுவதற்கு முன்

காலையில் காப்பி கொடுப்பதற்கு முன்னால் சாவித்திரி தன் கணவனின் இடது கையில் ஊசியால் குத்துவாள். ஆம்பூரில், அவர்கள் குடியிருந்த தெருவில், 1956ஆம் ஆண்டு பல வீடுகளில் இந்தச் சோதனை நடந்தது. அங்கே ஒருவனுக்குப் பெருநோய் எனும் தொழுநோய் கண்டு, பாயும் தட்டுமாக அவனை வெளியேற்றியதிலிருந்து எல்லோருக்கும் பயம். உணர்ச்சி செத்த தோல்தான் அந்த நோயின் அடையாளம் என்று கேள்விப்பட்டிருந்தார்கள்.

"ஆ! மெதுவாடி!"

"வலிக்குதாங்க?"

"பின்ன இன்னா, இனிக்குதா?"

"அப்பாடா! நல்லா கத்துங்க" என்று சிரித்தபடி டம்ளரை நீட்டுவாள்.

தணிகைவேல் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தான். ஆடி மாதம் கத்தி கீறி இடது மணிக்கட்டில் சின்னக் காயம். சுண்ணாம்பு நீர் பட்டுப் பட்டு அது சிவந்து வீங்கியது; தொட்டால் அனலாய்ச் சுட்டது. சாவித்திரி கவலைப்படவில்லை. வலிக்கிறதே, அது போதாதா?

"வலி ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான், பேஜார் படாதே" என்றாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள்.

வீக்கம் முழங்கை வரை ஏறியது. முன்பெல்லாம் அவள் முந்தானையை இழுத்து விளையாடுகிறவன், அந்த முந்தானை உரசியதற்கே துடித்தான். போர்வை பட்டால் கத்தினான். சொன்னதை மறந்தான். உறக்கமில்லாத கண்களால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா வேஷம் போடாதீங்க" என்று ஒருநாள் அவள் எரிந்து விழுந்தாள். தண்ணீர்ச் சொம்பு அவள் காதை உரசிப் பறந்தது. கல்யாணமான நாலு வருடத்தில் அவன் கை ஓங்கியதே இல்லை.

மறுநாள் காலை அவள் ஊசியோடு குனிந்தாள். தணிகைவேல் அலறினான்.

ஊசி இன்னும் படவே இல்லை.

சாவித்திரி ஊசியைக் கீழே போட்டாள். அன்றே பஸ் பிடித்து அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் மனோரமா வீக்கத்தையும் அதைச் சுற்றியிருந்த துளைகளையும் பார்த்தார். "யாரும்மா இப்படிக் குத்தினது?"

"நான்தாம்மா. வலிக்குதான்னு பார்க்க..."

"குத்தின இடத்துல சீழ் வெச்சிருக்கு. வலி கையோட நிக்காதும்மா. வீங்கின இடம் ராப்பகலா மூளைக்குச் சேதி அனுப்பிட்டே இருக்கும். மூளையில இருக்கிற நரம்புங்களுக்கு ஓய்வே கிடைக்காது. நாளாக நாளாக, லேசா தொட்டாலே நெருப்பு பட்ட மாதிரி கூச்சல் போடப் பழகிடும். தூக்கம் போகும், ஞாபகம் போகும், கோபம் வரும்."

"அந்த நோய் இல்லையேம்மா?"

"இல்லை. இருந்தாலும் அதுக்கு இப்ப மாத்திரை இருக்கு. நீங்க காத்திருந்த ரெண்டு மாசத்துக்குத்தான் மாத்திரை இல்லை."

கார்த்திகைக்குள் வீக்கம் வற்றியது. ஆனால் சாவித்திரி டம்ளரை நீட்டும்போதெல்லாம் அவனுடைய இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

"கை ஆறிப்போச்சுங்களே..."

"தெரியுது." அவன் கண் கலங்கினான். "உன்னைப் பார்த்தா வலிக்குதுடி. நான் இன்னா செய்ய?"

அப்போது அடுத்த வீட்டிலிருந்து கோவிந்தம்மாளின் குரல் கேட்டது: "வலிக்குதாய்யா?"

சாவித்திரி ஓடினாள். கோவிந்தம்மாள் தன் புருஷனின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த ஊசியை சாவித்திரி பிடுங்கினாள்.

"வலிக்குதுன்னு சந்தோஷப்படாதேக்கா! ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அன்னிக்கே வைத்தியம் பாரு. வேஷம்னு சொல்லாதே, சோதிச்சும் பாக்காதே. விட்டுட்டா அது தலைக்குள்ள போய்க் குடியேறிடும். எங்க வூட்ல ஏறிடுச்சு. இன்னும் காலி பண்ணல."