இசக்கிராஜா நின்ற விதம்

கேப்டன் பெனிஸ்டன் உயிரோடு திரும்பியதற்கு அவருடைய தூத்துக்குடி வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். "கைகளை உயர்த்துங்கள்" என்றார் பாஸ்டர். லேசில் விடுகிற ஆள் இல்லை அவர். நாலு முறை சொன்னார். கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. கேப்டனின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன. அவர் மனைவி ஜெப்ஸி அதைக் கவனித்தாள்.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எட்டு மாதத்துக்கு முன், யாரோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்ட கடலில், துப்பாக்கிப் படகுகள் அவர் கப்பலை வளைத்தன. எதிர்க்க வேண்டாம், எல்லோரும் கையைத் தூக்குங்கள் என்று உத்தரவிட்டவர் அவர். இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர் சிறையிருந்து இப்போதுதான் வீடு திரும்பினார்கள். சமையல்காரர் இசக்கிராஜாவைத் தூக்கிய கையோடு சுட்டுவிட்டார்கள். மற்றவர்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிய பிறகு நடந்ததால், பக்கத்தில் நின்று பார்த்தவர் கேப்டன் ஒருவரே. தப்பி ஓடினான், சுட்டோம் என்று சுட்டவர்கள் சொன்னதை ஊரும் நம்பிவிட்டது.

அந்த இசக்கிராஜாவின் மனைவி ரம்யா உடன்குடியிலிருந்து வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். தயவுசெய்து வாய் திறக்காதீங்க என்று காலையிலேயே ஜெப்ஸி புருஷனிடம் கெஞ்சியிருந்தாள். பிழைத்து வந்த மனிதர் மேல் ஒரு சாபம் விழ வேண்டாமே என்ற பயம். சுயநலம்தான், அவளே ஒப்புக்கொள்வாள்.

கூட்டம் கலைந்ததும் ரம்யா கருப்பட்டிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"அவரு ஏன் ஓடுனாரு அண்ணாச்சி? சும்மா நின்னிருந்தா பொழச்சிருப்பாருன்னு ஊரே சொல்லுது. எம்மவ தெனமும் கேக்கா."

ஜெப்ஸி கண்ணால் தடுத்தாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை.

"ஓடலம்மா. நான் சொன்னேன்னு கையத் தூக்கிட்டு எம்பக்கத்துலதான் நின்னான். தூக்குனா எல்லாரும் பொழச்சிரலாம்னு நெனச்சேன்."

ரம்யா வெகுநேரம் அழுதாள். தள்ளிவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் ஜெப்ஸி அவளை அணைத்தாள். தள்ளவில்லை.

"நீங்க சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி. மத்த வீடுகள்ல அது சரி. எங்க வீட்ல..." முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு வீடியோ கால் போட்டாள். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

எட்டு வயது இசக்கிசெல்வி திரையில் வந்தாள். கேப்டன் சொன்னதை இமைக்காமல் கேட்டாள்.

"அப்பா ஓடலையா? அப்ப எப்படி நின்னாரு மாமா?"

பெனிஸ்டன் போனை ஜெப்ஸியிடம் நீட்டினார். ஆடாமல் இருக்க அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து, பிள்ளைக்கு முழுதாகத் தெரியும்படி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.