நாலாவது மாடி மூட்டை

விடுதி மேலாளர் படுக்கை விரிப்பை மேசைமேல் போட்டு, கிழிசலுக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

"இந்த மாசம் மட்டும் அறுபத்திரண்டு. உங்க மெஷின் துணியைத் துவைக்குதா, மென்னு துப்புதா?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. பதினொரு வருஷமாகச் சலவைக்கூடம் நடத்துகிறாள். ஒரு சட்டைப் பொத்தான் உதிர்ந்தால்கூடத் தேடியெடுத்துத் தைத்து அனுப்புகிறவள்.

"மூட்டையைப் பிரிக்கும்போதே கிழிஞ்சுதான் சார் இருக்கு. அப்பவே நோட்டுல எழுதி வைக்கிறேன்."

"எழுதுறது நீங்கதானே? திங்கட்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அன்று வியாழன். கூடத்தில் பாதி மெஷின்கள் ஓடுவதே அந்த விடுதியை நம்பித்தான்.

வேனில் திரும்பும்போது அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். வேனை ஓட்டிய தங்கைதான் பேசினாள். கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'சின்னவள்'. துணி ஏற்றி இறக்குவதும், ஆபீஸ் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டி ஓட வைப்பதும் அவள் வேலை.

"அக்கா, உன் நோட்டுல என்னென்ன எழுதுற?"

"தேதி, எந்த மாடி மூட்டை, என்ன துணி, எங்க கிழிசல். ஏன்?"

"அதைப் படமா போட்டுக் காட்டுவோம். அதுக்குக் கம்ப்யூட்டர்ல இலவசமாவே நிறைய டூல் இருக்கு."

"படமா? மானம் போற நேரத்துல உனக்குப் படம் கேக்குதா!"

ஆனாலும் மறுநாள் காலையில் ஏழு மாத நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்து அக்காவே பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வாசிக்க, சின்னவள் தட்ட, இருநூறு வரிக்குமேல் ஏறி முடிந்தபோது மதியம் ஆகிவிட்டது.

முதலில் பிடித்த டூல் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. வட்டங்கள் சுழன்றன, நிறங்கள் மின்னின. மாடிக்கு ஒரு நிறமாக ஒரு வட்டம் வந்து நின்றது.

"என்னடி இது, கலர் குடையை விரிச்ச மாதிரி? எது எந்த மாடி?" என்றாள் அக்கா. "கண்ணாடி போடாம பார்த்தாலும் புரியணும்."

சேமிக்கப் போனால் கார்டு எண் கேட்டது. பதினாலு நாளைக்குத்தான் இலவசமாம். சின்னவள் திட்டிக்கொண்டே மூடினாள்.

இரண்டாவது நிஜமாகவே இலவசம். ஆனால் அதில் போடுகிற படம் இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அக்கா சட்டென்று சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். அவர் நம்மளைத் திட்டினது வேற விஷயம். அவங்க விடுதித் துணி கிழிஞ்சு கிடக்குறதை ஊருக்கே காட்டுறது நம்ம வேலை இல்ல."

மூன்றாவதைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். தகவல் வெளியே போகாது, ஆயுசுக்கும் இலவசம். அழகு மட்டும் சுத்தமாகக் கிடையாது. பழைய கம்ப்யூட்டர் அதையும் தாங்காமல் இரண்டு தடவை உறைந்து நின்றது. சனிக்கிழமை சாயங்காலம், மூன்றாவது முயற்சியில், ஆறு மாடிக்கும் ஆறு சாம்பல் நிறப் பட்டைகள் எழுந்தன.

ஐந்து பட்டைகள் முழங்கால் உயரம்கூட இல்லை. நாலாவது மாடி மட்டும் பனைமரம்போல் நின்றது.

இருவரும் திரையையே பார்த்தார்கள். "வாரவாரியா போடு" என்றாள் அக்கா.

நாலாவது மாடிக்கான கோடு ஐந்து மாதம் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. எட்டு வாரத்துக்கு முன்னால் சடாரென்று எழுந்து, அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

"தினம் ஒண்ணு ரெண்டா எழுதிட்டே வந்தேன். எனக்குத் தெரியவே இல்லையேடி" என்றாள் அக்கா. பிறகு சின்னவளின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "ரெண்டையும் பிரிண்ட் எடு!"

திங்கட்கிழமை அக்காவும் சின்னவளும் நீட்டிய தாள்களை மேலாளர் ஓரக்கண்ணால் பார்த்தார். "நீங்க எழுதினதை வச்சு நீங்களே போட்ட படம்."

"ஆமா சார்" என்றாள் அக்கா. "ஆனா ஆறு மாடித் துணியும் அதே மெஷின்கள்லதான் கலந்து விழுது. மெஷின் கிழிச்சா எல்லா மாடித் துணியும் கிழிஞ்சிருக்கணும். மெஷினுக்கு மாடி தெரியுமா?"

மேலாளர் தாளை மறுபடி எடுத்து, இந்தத் தடவை நேராக வைத்துப் பார்த்தார்.

"எட்டு வாரத்துக்கு முன்னாடி நாலாவது மாடில என்ன மாத்தினீங்க? அதை மட்டும் காட்டுங்க" என்றாள் அக்கா.

மூவரும் மேலே போனார்கள். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் யோசிக்கவே இல்லை. "இந்தத் துணி வண்டிதான் புதுசு. பழசுல சக்கரம் கழண்டு போச்சுன்னு ரெண்டு மாசம் முன்னாடி கொண்டு வந்தாங்க."

அக்கா வண்டிக்குள் கையை விட்டு உள்பக்கக் கம்பிகளைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு மூலையில் கை நின்றது. பற்றவைத்த இடம் விட்டுப்போன ஒரு கம்பி முனை ஆணிபோல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. "சார், நீங்களே ஒரு விரிப்பைப் போட்டு இழுங்க."

மேலாளர் போட்டு இழுத்தார். சர்ரென்ற சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

கையில் கிழிந்த விரிப்போடு அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. தப்புதான். மன்னிச்சிடுங்க." சுத்தம் செய்யும் பெண் எதிரிலேயே அதைச் சொன்னார். பிறகு கேட்டார்: "எங்க பின் கட்டடத்துத் துணியையும் நீங்களே எடுத்துக்க முடியுமா? ஆமா, இந்தப் படத்தை எந்தக் கம்பெனி போட்டுக் கொடுத்துச்சு?"

"எங்க சின்னவதான்" என்றாள் அக்கா. தங்கையைத் தோளோடு இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

கூடத்தில் விஷயத்தைச் சொன்னதும் இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு விசிலடித்தார். துணி மடிக்கிற பெண்கள் கையிலிருந்த துண்டுகளை மேலே வீசிப் பிடித்தார்கள். அக்கா இடுப்பில் கைவைத்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஆடினது போதும், பின் கட்டடத்து மூட்டை வேன்ல இருக்கு, இறக்குங்க!" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.