மூச்சுத் துணை

முதல் மாடிப் படிக்கட்டு ஜன்னலில் நின்றபடி மாமாவுக்குப் போன் போட்டேன். லிப்ட் கூண்டின் மேலேறிக் கம்பியைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தால் கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது. பாழாய்ப்போன பழக்கம்! சிகரெட்டை விட்டு இரண்டு மாதமாகியும் கைக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். புகைத்துப் புகைத்தே அப்பா தொண்டைப் புற்றுநோயில் போன பிறகு, எங்கள் குடியிருப்புச் சங்கம் நடத்தும் புகைப்பழக்க ஒழிப்பு முகாமில் மாமாவையும் என்னையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சேர்த்துவிட்டவள் அக்காதான். "அப்பாவுக்குப் பட்டது போதும்டா. மறுபடி ஆஸ்பத்திரி வாசல்ல போய் உக்கார எனக்குத் தெம்பில்ல" என்றாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. காய், பழம், பருப்பு, மறுபடியும் காய். மாமா மென்றுகொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

முகாமில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. புகைக்கத் தோன்றினால் துணையைக் கூப்பிட வேண்டும். என் துணை மாமா. எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பார். "மூச்ச நல்லா உள்ள வாங்கு மாப்ள. நிறுத்து. இப்ப மெதுவா விடு" என்பார். வெறுமனே சொல்லமாட்டார், கூடவே அவரும் வாங்கி, நிறுத்தி, விடுவார். அவ்வளவு நீளமான, நிதானமான மூச்சு. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளைத் தள்ளினேன். கூட்டத்தில் எழுந்து, "எங்க மாமா இல்லன்னா நான் இல்ல" என்று அழுதுகூடத் தொலைத்தேன்.

இன்று லிப்ட் வேலை அவருடைய ஆபீஸ் கட்டிடத்தில். அவரிடம் சொல்லவில்லை. முடித்துவிட்டுப் போய் எதிரே நின்றால் அசந்துபோவார் என்று நினைத்தேன்.

போன் மணி அடித்தது. ஜன்னலுக்கு நேர் கீழே, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், அவர் போனை எடுத்தார். மறு கையில் சிகரெட்.

"சொல்லு மாப்ள. கை பரபரங்குதா?"

"ஆமா மாமா. எங்க இருக்கீங்க?"

"வேற எங்க, சீட்லதான். ம், மூச்ச உள்ள வாங்கு."

வாங்கினேன். அவர் சிகரெட்டை உதட்டில் வைத்து வாங்கினார். நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். பிறகு அந்த நீளமான, நிதானமான மூச்சு என் காதில் வந்தது. கீழே அது புகையாகப் போனது. அடப்பாவி மனுஷா! இதையா நான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தேன்?

"மேல பாருங்க மாமா."

பார்த்தார். சிகரெட் பிடித்த கை முதுகுக்குப் பின்னால் போனது. மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாத மாப்ள."

அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இப்போதும் கை பரபரத்தது, முன்னைவிட மோசமாக. கூப்பிட வேறு ஆள் கிடையாது. போனை வைக்க முடியவில்லை, அவரும் வைக்கவில்லை. காதில் அவர் மூச்சு திக்கித் திக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து புகை மெல்லக் கிளம்பி, சுவரை ஒட்டியபடி என் ஜன்னலை நோக்கி ஏறி வந்தது.