டெஸ்க்டொப்பில் இருந்த படம்

“ஹார்ட் டிஸ்க்கே இல்லையாம்,” என்றாள் றம்லா, கைபேசியைத் தோளில் இடுக்கியபடி.

மறுமுனையில், கத்தாரில், அன்று லீவு. கணவர் உசனார் சிரித்தார். “எங்க போகும்? உன்னோட கோவிச்சிட்டா?”

“பகிடி விடாதீங்க. எனக்கு நெஞ்சு அடிக்கிது.”

யுத்தம் முடிந்த வாரம் அது. காத்தான்குடித் தெருவில் வெடி கொளுத்தினார்கள். வீட்டுக் கணினி நீலத் திரையோடு நின்றுபோயிருந்தது. புதிதாக விண்டோஸ் போட சீடியை இட்டால், இப்போது இது. அந்த டிஸ்க்கில்தான் மகள் ஸாதியாவின் வீடியோப் படம் இருந்தது. அவளைக் கொண்டுபோன சுனாமிக்குச் சில நாள் முன் உசனார் எடுத்தது. அவள் குரல் வேறெங்கும் இல்லை.

“டிஸ்க் அங்கதான் இரிக்கி புள்ள.”

அவர் சொன்னது சரி. டிஸ்க்கோடு எந்த விண்டோஸும் நேரே பேசாது. போர்டில் உள்ள ஒரு சிப் வழியாகத்தான் பேசும். அந்தச் சிப்பைப் புரிந்துகொள்ளும் டிரைவர் என்ற சின்ன நிரல், பழைய சீடியில் இல்லை. பேச முடியாததை அது ‘இல்லை’ என்கிறது. கணினி விற்ற கடைக்காரர் கபூர் காக்கா அந்த டிரைவரை ஒரு ஃப்ளொப்பியில் தந்திருந்தார்.

“திரும்ப ஓன் பண்ணு. தொடக்கத்திலேயே கீழ ஒரு வரி வரும். உடன எஃப் ஆறு பட்டன அமத்து.”

அமத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. “பிழையாப் போச்சு போல.”

“இல்ல. தன்ட வேலைய முடிச்சிட்டுத்தான் மறுமொழி சொல்லும், உன்னப் போல.”

அப்படியே நடந்தது. திரை டிரைவரைக் கேட்டது. எஸ்ஸை அமத்தி, ஃப்ளொப்பியை இட்டு, கடைக்காரர் அதன்மேல் எழுதியிருந்த பெயரைத் தெரிவு செய்தாள். ஃப்ளொப்பி கறகறத்தது.

“வெளிய எடுத்திராத. இன்னொருக்காவும் வாசிக்கும்.”

டிஸ்க் தெரிந்தது. சீ, டீ என்று இரண்டு பகுதிகள்.

“அல்ஹம்துலில்லாஹ். சீய அழிச்சிட்டு அதில விண்டோஸப் போடு. படத்த நான் டீயிலதானே வெச்சன்.”

றம்லாவின் விரல் என்டர் மேல் நின்றது. டெஸ்க்டொப்பில் உள்ளதெல்லாம் சீயில்தான் இருக்கும் என்று முன்பு விளக்கியவரும் அவர்தான்.

“அமத்தினியா?”

“படம் டீயில இல்ல. டெஸ்க்டொப்புக்கு மாத்திட்டன்.”

“ஏன்?”

“ஒவ்வொரு நாளும் பாக்க லேசு எண்டு.”

அதைப் பார்த்துப் பார்த்து அவள் சாப்பாட்டையே விட்டிருந்த காலத்தில்தான், அவர் அதை டீக்குள் ஒளித்து வைத்தார். இனிப் பார்ப்பதில்லை என்று அவளும் சத்தியம் செய்திருந்தாள்.

“சத்தியம் பண்ணினியே றம்லா.”

“ஓம். பண்ணினன்.”

“எஃப் மூண்ட அமத்து,” என்றார் உசனார். “ஒண்டையும் தொடாம வெளிய வரும். பெட்டிய கபூர் காக்காட கடைக்குக் குடு. டிஸ்க்கக் கழட்டி வேற மெசின்ல போட்டு, முதல்ல படத்த எடுக்கட்டும்.”

அமத்தினாள். அவர் போனை வைக்கவில்லை.

“அதில புள்ள என்ன சொல்லுறா?”

“எடுத்தது நீங்கதானே.”

“எடுத்த பிறகு நான் பாக்கல்ல.”

“‘வாப்பா, இது ஓடுதா?’ எண்டு கேக்குறா.”

“ரெண்டு கொப்பி அடிக்கச் சொல்லு. எனக்கொண்டு அனுப்பு.”

“அங்க தனிய இருந்து பாக்காதீங்க,” என்றாள் றம்லா.