சம்பந்தி வீட்டுக் கார் சீட்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தோல் சீட்டுக்கு நிறம் மாற்றும் தொழிலில் எங்கள் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றி வந்த பட்டறைக்காரர், சீட் தைப்பதாலும் பேச்சால் குத்துவதாலும் ஊசி என்று அழைக்கப்பட்ட அவர் தம்பி, சாயம் கலக்கும் அவர் மகள், அவளைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தி, அந்த மகன். ஆறாவது ஆளாகத் தானும் இருந்ததாகச் சொல்லும் டயர்க் கடைக்காரர் அன்று ஊரிலேயே இல்லை. இந்த ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வேலை முடிந்த காரை எடுக்க வந்த சம்பந்தி உட்கார்ந்திருந்த கிரீம் நிறச் சீட்டிலிருந்து பச்சை நிறம் கிளம்பி, கார்க் கதவைக் கடந்து, சிமெண்டுத் தரையில் இறங்கி, சுவரை நோக்கி நகர்ந்தது. அதில் ஈரம் இல்லை, வாடை இல்லை. போகும் வழியில் இருந்த பொருள்களையெல்லாம், பூட்டு சாவி உட்பட, பச்சையாக்கிக்கொண்டு போனது.

எந்தச் சீட் வந்தாலும் எங்கள் பட்டறையில் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது முன்பு என்ன நிறம்? உரிமையாளர் என்ன பதில் சொன்னாலும், சீட்டின் அடியில் கண்ணில் படாத ஒரு மடிப்பைத் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்போம். கம்பெனியில் ஏற்றிய நிறம் லேசில் வராது. பிற்பாடு யாரோ அடித்தது துணியோடு வந்துவிடும். அதை முழுக்க எடுக்காமல் மேலே அடித்தால் எந்தச் சாயமும் நிற்காது. எவ்வளவு பெரிய மனிதரின் வண்டியானாலும் இதைச் செய்யாமல் பட்டறைக்காரர் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்ததில்லை. சம்பந்தியின் காருக்கு மட்டும் செய்யவில்லை. ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த வண்டி, கறுப்பு அலுத்துவிட்டது, கல்யாணத்துக்குள் கிரீம் நிறமாக்கிக் கொடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அதன் பிறகு துணியை எடுத்துத் தேய்ப்பது அவர் வார்த்தையைத் தேய்த்துப் பார்ப்பதாகும் என்று பட்டறைக்காரர் நினைத்தார். மகள் துணியை நனைத்துக்கொண்டு வந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மரியாதை தெரிந்த குடும்பத்தில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு அது.

இப்போது பச்சை சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. எழுந்தால் தன்மேல் குற்றம் என்றாகிவிடும் என்று சம்பந்தி எழவில்லை. கேட்டால் சம்பந்தியைப் பொய்யர் என்றதாகிவிடும் என்று பட்டறைக்காரர் கேட்கவில்லை. இருவரும் நிமிர்ந்த முதுகோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த மின்விசிறி சுற்றிக்கொண்டே பச்சையாயிற்று.

"அண்ணே, ஒரு கலருக்கு இன்னொரு கலர் இனாம்னு போர்டு வச்சிரலாம்," என்றார் ஊசி. அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் சம்பந்திதான் பேசினார். "இந்த லட்சணத்துல வேலை பாக்கிற வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு யோசிக்க வேண்டியிருக்கு."

"யோசிங்க," என்றார் பட்டறைக்காரர். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்பவர்கள் எங்கள் குடும்பத்தை அறியாதவர்கள்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அவருடைய செருப்பு ஏற்கெனவே பச்சையாகியிருந்தது. அந்தக் கல்யாணத்தை விரும்பியவர்கள் அவரும் மகளும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஒரு வார்த்தை தடித்தால் முடிந்தது. அப்போது மகள் பச்சைத் தரையை மிதித்துக்கொண்டு காரருகே போனாள். அப்பா உள்ளே போகச் சொன்னார். போகவில்லை. முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"மாமா, இந்த சீட் முன்னாடி என்ன கலர்?"

சம்பந்தி காது கேட்காதவர்போலக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. யார் வந்தாலும் மொதல்ல இதைத்தான் கேப்போம். உங்களைக் கேக்காம விட்டது எங்க தப்பு."

எங்கள் வீட்டில் ஒருவர் பிறரிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. பட்டறைக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். பச்சை கூரையைத் தொட்டது.

"பச்சை," என்றார். "வாங்கும்போதே பச்சைதான். செகண்ட் ஹேண்ட் வண்டிம்மா. கறுப்பு நாந்தான் அடிக்க வச்சேன்."

பச்சை இருந்த இடத்தில் நின்றது. "எங்கிட்டயும் ஷோரூம் வண்டின்னுதானேப்பா சொன்னீங்க," என்றார் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

சீட்டுகளைக் கழற்றி, துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்து, மறுபடி கிரீம் அடித்தோம். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பேரப்பிள்ளைகள் பிறந்து, அதே காரில் பள்ளிக்குப் போய், படித்து முடித்துவிட்டார்கள். யார் உட்கார்ந்தாலும் சீட் கிரீம்தான். சம்பந்தி உட்கார்ந்தால் மட்டும் அவர் இருக்கும் இடம் பச்சையாகும், எழுந்தால் மாறிவிடும். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. வெயிலில் நிறுத்திய காரில் சூடு ஏறுவதைப்போல அதுவும் ஒன்று.

பெண் வீட்டார் சம்பந்தியைப் பச்சைக்கு நடுவே அடைத்து, கல்யாணத்தை நிறுத்துவோம் என்று மிரட்டி உண்மையை வாங்கினார்கள் என்று டயர்க் கடையில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. யாரும் அடைக்கவில்லை, கார்க் கதவு திறந்தேதான் இருந்தது. பெண் கேட்டாள், அவர் சொன்னார்.